உரம் எங்கே வேண்டாம்? மேய்ச்சல் நிலத்துக்கான துல்லியக் கணக்கு

மக்காச்சோளம் போட்ட வயலில் சத்துக் கணக்கு ஓரளவு நேரானது. போட்ட உரத்தில் ஒரு பங்கு அறுவடையோடு வெளியேறும், ஒரு பங்கு மண்ணில் தங்கும், மிச்சம் தண்ணீரோடும் காற்றோடும் போகும். மேய்ச்சல் நிலத்தில் கணக்கு இப்படி நேராக வராது, ஏனென்றால் சத்தை இடம் மாற்றும் வேலையை மாடே செய்கிறது. தின்ற தழைச்சத்தில் (நைட்ரஜனில்) முக்கால் பங்குக்கு மேல் சாணமாகவும் மூத்திரமாகவும் நிலத்துக்கே திரும்புகிறது. ஆனால் எடுத்த இடத்துக்குத் திரும்புவதில்லை. சரிவில் மேய்ந்துவிட்டு நிழலில் படுக்கும், தண்ணீர்த் தொட்டியருகே நிற்கும், படலுக்குப் பக்கத்தில் காத்திருக்கும். சத்தும் அங்கெல்லாம் போய்ச் சேரும். சில ஆண்டுகள் இப்படி நடந்தால், ஒரே வேலிக்குள் உரமே தேவைப்படாத மண்ணும் பசித்துக் கிடக்கும் மண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

அந்த நிலம் முழுவதும் ஒரே அளவாக உரம் தூவினால், நிறைந்த இடத்தில் போட்டது ஓடைக்குப் போகிறது. பசித்த இடத்தில் போட்டது போதாமல் போகிறது. அதனால்தான் மேய்ச்சல் நிலத்தில் துல்லிய உரமிடல் என்றால், எனக்கு முதலில் தோன்றுவது செயற்கைக்கோள் படமோ கணினி வைத்த உரத்தூவியோ இல்லை. எங்கே போடக் கூடாது, எப்போது போடக் கூடாது என்ற பட்டியல்தான். அந்தப் பட்டியல் கையில் இருந்தால் பழைய உரத்தூவியே பெரும்பகுதி வேலையைச் செய்துவிடும். அது இல்லாமல் வாங்கும் கருவி, தவறான அளவை மிகச் சரியான இடத்தில் கொண்டுபோய்க் கொட்டும்.

முதலில் வெளியே போவது எவ்வளவு என்று பார்ப்போம். 1,000 லிட்டர் பாலில் ஏறக்குறைய 5 முதல் 6 கிலோ தழைச்சத்து, 1 கிலோ பாஸ்பரஸ், 1.5 கிலோ பொட்டாசியம் இருக்கும். ஆக, ஒரு ஹெக்டேர் மேய்ச்சலிலிருந்து ஆண்டுக்கு 10,000 லிட்டர் பால் கறந்தாலும், பாலோடு போவது சுமார் 10 கிலோ பாஸ்பரஸும் 15 கிலோ பொட்டாசியமும்தான். அதே நிலத்துப் புல்லை அறுத்து, காற்றுப் புகாமல் புளிக்கவைத்த ஊறுகாய்ப் புல்லாகவோ உலர்புல்லாகவோ வெளியே கொண்டுபோனால் கதையே வேறு. ஒரு டன் உலர் எடைப் புல்லில் 20 முதல் 30 கிலோ தழைச்சத்து, 3 முதல் 4 கிலோ பாஸ்பரஸ், 20 முதல் 25 கிலோ பொட்டாசியம் இருக்கும். 8 டன் அறுத்தால் 160 முதல் 200 கிலோ பொட்டாசியம் போய்விடுகிறது. மேயும் நிலத்துக்கும் அறுக்கும் நிலத்துக்கும் ஒரே உரப்பட்டியலை வைத்திருப்பவர்கள், ஒன்றில் பொட்டாஷ் என்ற பொட்டாசிய உரத்தை வீணாக்கி மற்றதைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார்கள். எந்த வரைபடமும் இல்லாமல் இன்றைக்கே திருத்திக்கொள்ளக்கூடிய தவறு இது.

இங்கே ஒரு எச்சரிக்கை. மேலே சொன்னவை தனிம அளவுகள். உர மூட்டையில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் ஆக்சைடு கணக்கு. மூட்டையில் உள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ் ஆக்சைடு) எண்ணை 0.44-ஆல் பெருக்கினால் பாஸ்பரஸ் கிடைக்கும். சாம்பல்சத்து (பொட்டாசியம் ஆக்சைடு) எண்ணை 0.83-ஆல் பெருக்கினால் பொட்டாசியம் கிடைக்கும். ஆய்வறிக்கை தனிமத்திலும் மூட்டை ஆக்சைடிலும் இருக்கும்போது இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால், பாஸ்பரஸ் பாதிக்கும் குறைவாகவே போய்ச் சேரும்.

மண்ணைக் கேட்பது

மண் மாதிரி எடுப்பதில்தான் துல்லியம் தொடங்குகிறது, பெரும்பாலும் அங்கேயேதான் கெட்டும்போகிறது. உழாத மேய்ச்சல் நிலத்தில் பாஸ்பரஸ் மேல்பரப்பிலேயே தங்கிவிடும். ஆகவே ஆழம் மாறினால் விடையும் மாறும். சில நாடுகள் 7.5 செ.மீ. ஆழத்தை வைத்திருக்கின்றன, சில 10 செ.மீ. எதை வைத்தாலும், ஆய்வகம் கேட்கும் ஆழத்தை ஒவ்வொரு குத்திலும் மாறாமல் பிடிக்க வேண்டும். காய்ந்து இறுகிய மண்ணில் மாதிரி எடுக்கும் குழாய் பாதிதான் இறங்கும். அப்போது வரும் எண் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும், உரம் போதும் என்று நம்பிவிடுவோம். ஈரம் இருக்கும்போது எடுங்கள்.

ஒரு மாதிரிக்குக் குறைந்தது 15 முதல் 20 குத்து. கோணல்மாணலாக நடந்து எடுக்க வேண்டும். படல், தொட்டி, மர நிழல், பழைய வேலிக்கரை, சாணம் விழுந்த திட்டு, மூத்திரத்தால் கரும்பச்சையாக நிற்கும் திட்டு ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். ஒரு சாணத் திட்டில் குத்திய ஒரே ஒரு குத்து மொத்த மாதிரியையும் திசைதிருப்பிவிடும். வாளி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். துத்தநாகம் பூசிய இரும்பு வாளியில் கலந்தால் துத்தநாக அளவு பொய்யாக வரும். உரம் போட்டு மூன்று மாதமாவது ஆகியிருக்க வேண்டும். அடுத்த முறையும் அதே பருவத்தில், அதே தடத்தில் எடுத்தால்தான் போக்கு தெரியும். கைபேசியில் நடந்த தடத்தைச் சேமித்துவைத்தால் போதும், ஜி.பி.எஸ். செய்யும் மிகப் பயனுள்ள, மிக மலிவான வேலை இதுதான்.

மாதிரிகளை எப்படிப் பிரிப்பது? கட்டம் கட்டமாகப் பிரித்து ஹெக்டேருக்கு ஒன்று எடுப்பது ஒரு வழி, ஆனால் செலவு ஏறும். மேய்ச்சலுக்கு மண்டலப் பிரிப்பே ஏற்றது என்பது என் கருத்து. சரிவு ஒரு மண்டலம், அடிவாரச் சமதளம் ஒன்று, அறுத்தெடுக்கும் பகுதி ஒன்று, தொழுவக் கழிவுநீர் பாயும் பகுதி ஒன்று, மண் நிறமும் தன்மையும் மாறும் இடம் ஒன்று. மாடு கூடும் இடங்களைத் தனியாக ஒருமுறை சோதித்துப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே பாஸ்பரஸும் பொட்டாசியமும் தேவைக்கு மேல் இருக்கும். இருந்தால் அந்த இடங்களை உரத்தூவியின் வரைபடத்திலிருந்தே நீக்கிவிடலாம், எண் இறங்கும்வரை ஆண்டுக்கணக்கில் அங்கே எதுவும் போட வேண்டியதில்லை.

ஆய்வறிக்கை வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது கார அமில நிலை (pH). அது 5.5-க்குக் கீழே போனால் மண்ணில் அலுமினியம் கரைந்து வேரைச் சுடும். பயறு வகைத் தீவனங்களின் வேர்முடிச்சுக் கிருமிகளும் சோர்ந்துபோகும். 5.8 முதல் 6.3 வரை மேய்ச்சல் புல்லுக்கும் குளோவர் என்ற பயறு வகைத் தீவனத்துக்கும் நல்ல இடம். நடுத்தர மண்ணில் ஹெக்டேருக்கு ஒரு டன் நல்ல சுண்ணாம்புக்கல் தூள் போட்டால் சுமார் 0.1 அளவு உயரும் என்பது கைக்கணக்கு. மேலே தூவிய சுண்ணாம்பு மெல்லத்தான் கீழிறங்கும், முழுப் பயன் தெரிய ஓராண்டுக்கு மேல் ஆகலாம். அமில மண்ணில் இதைச் சரிசெய்யாமல் யூரியாவைக் கூட்டுவதில் பொருளில்லை. வரிசையும் முக்கியம்: யூரியாவையும் சாணக் குழம்பையும் முதலில் போட்டு, ஒரு வாரம் பத்து நாள் கழித்துச் சுண்ணாம்பு போடலாம். சுண்ணாம்பு போட்ட மேல்மண்ணில் உடனே யூரியா தூவினால் அம்மோனியாவாகப் பறக்கும். அந்த வரிசையில் போனால் மூன்று மாத இடைவெளி வேண்டும்.

உரமும் அமிலமும் சேர்ந்து புல்வெளியை என்ன செய்யும் என்பதற்கு இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1856 முதல் நடந்துவரும் பார்க் கிராஸ் சோதனையே சாட்சி. உரமே போடாத துண்டுகளில் இன்றும் ஏறத்தாழ நாற்பது வகைச் செடிகள் வளர்கின்றன. சுண்ணாம்பு இல்லாமல் அம்மோனியம் சல்பேட்டை அதிக அளவில் தொடர்ந்து பெற்ற துண்டுகளில் இரண்டு மூன்று வகைகளே மிஞ்சியிருக்கின்றன. பூத்துக் கிடக்கும் ஓர் ஓரத்தையோ வளங்குன்றிய ஒரு மேட்டையோ உரமில்லாமல் விட்டுவைப்பது நிலத்துக்குச் செய்யும் நன்மை. அங்கே கிடைக்காத புல்லின் அளவும் மிகச் சிறியதுதான்.

தழைச்சத்து மாட்டுக்குள்ளிருந்து தொடங்குகிறது

ஒரு கறவை மாடு ஒருமுறை சுமார் 2 லிட்டர் மூத்திரம் விடும். ஒரு லிட்டரில் 8 கிராம் தழைச்சத்து என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 16 கிராம். அது விழும் பரப்பு கால் சதுர மீட்டர். கால் சதுர மீட்டரில் ஒரு கிராம் என்றால் ஹெக்டேருக்கு 40 கிலோ. ஆக, அந்தத் திட்டில் விழுவது ஹெக்டேருக்கு 640 கிலோ வீதம். எந்தப் புல்லும் அதைச் சில வாரங்களில் உறிஞ்ச முடியாது. மிச்சம் நைட்ரேட்டாக மாறி, மழை வந்ததும் வேருக்குக் கீழே இறங்கிவிடும். மேய்ச்சல் பண்ணைகளில் நிலத்தடி நீருக்குப் போகும் நைட்ரேட்டின் பெரும்பகுதி, மூட்டையிலிருந்து நேரடியாகப் போவதில்லை. இந்தத் திட்டுகளின் வழியாகத்தான் போகிறது.

அப்படியானால் மூட்டைக்குப் பங்கில்லையா என்றால், பெரிய பங்கு உண்டு. யூரியாவை அதிகமாகப் போட்ட இளம்புல்லில் புரதம் 25 சதவீதத்தையும் தாண்டும். பால் தரும் மாட்டுக்குத் தேவைப்படுவது தீவனத்தில் 16 முதல் 18 சதவீதம். மிஞ்சியதில் பெரும்பகுதி மூத்திரத்தில் யூரியாவாகவே வெளியேறும், அதை வெளியேற்ற மாடு தன் ஆற்றலையும் செலவழிக்க வேண்டும். பாலில் யூரியா தழைச்சத்து 100 மில்லி லிட்டருக்கு 10 முதல் 14 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. தொடர்ந்து அதற்கு மேல் இருந்தால், மண்ணைச் சோதிக்கும் முன்பே உரத்தைக் குறைக்கலாம் என்று மாடே சொல்லிவிடுகிறது. இந்த எண்ணைப் பால் பரிசோதனை அறிக்கையில் பார்க்காமல் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம்.

தழைச்சத்துக்குப் புல் எவ்வளவு விடை தரும்? நல்ல நிலையில் ஒரு கிலோ தழைச்சத்துக்கு 10 கிலோ உலர் புல் கூடுதலாகக் கிடைக்கும் என்பது பரவலான கணக்கு. குளிர், வறட்சி, நீர் தேக்கம் வந்தால் 5-க்குக் கீழே இறங்கும். சூடும் ஈரமும் சேர்ந்தால் 15, 20 வரை போகும். ஆகவே எப்போது என்ற கேள்வி எவ்வளவு என்பதற்குச் சமமானது. ரை புல் போன்ற குளிர்நாட்டுப் புல்லுக்குக் காலையில் 10 செ.மீ. ஆழத்தில் மண்ணின் வெப்பம் 6 டிகிரி செல்சியசுக்கு மேல் இருக்க வேண்டும். கினியா, நேப்பியர் போன்ற வெப்பநாட்டுப் புல்லுக்கு இதைவிட நன்றாகவே சூடு வேண்டும். மேய்ந்து மூன்று முதல் ஐந்து நாள் கழிந்து, புதுத் தளிர் தலைகாட்டும்போது போடுவது நல்லது. மொட்டையடித்த புல்லுக்கு இலையே இல்லை. உறிஞ்சும் வேகமும் இல்லை.

ஒருமுறைக்கு ஹெக்டேருக்கு 20 முதல் 40 கிலோ தழைச்சத்து போதும். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து என்பதால் 40 கிலோவுக்கு 87 கிலோ யூரியா. ஏக்கருக்குச் சுமார் 35 கிலோ. ஒரே வீச்சில் 50 கிலோ தழைச்சத்தைத் தாண்டினால் விடை குறையும், இழப்பு கூடும். குளோவரோ குதிரை மசாலோ செழித்திருக்கும் நிலத்தில் இன்னும் கையடக்கம் வேண்டும். நல்ல குளோவர்ப் புல்வெளி ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 100 முதல் 200 கிலோ தழைச்சத்தைக் காற்றிலிருந்து பிடித்துத் தரும். மூட்டையிலிருந்து போடப் போட அது பிடிப்பதை நிறுத்திக்கொள்ளும், புல்லின் நிழலில் மெலியும். குளோவர் கண்ணுக்குத் தெரியும் அளவில் பரவியிருக்கும் மண்டலத்தை வரைபடத்தில் தனியாகக் குறித்து, அங்கே தழைச்சத்தைப் பாதியாகவோ பூச்சியமாகவோ வைப்பது துல்லிய உரமிடலின் மிக லாபகரமான பகுதி.

யூரியா பறப்பது ஏன் என்று தெரிந்தால் தடுப்பது எளிது. மண்ணிலும் காய்ந்த புல் குப்பையிலும் உள்ள யூரியேஸ் நொதி, குருணையைச் சில நாளில் உடைக்கிறது. உடையும்போது குருணையைச் சுற்றிக் காரத்தன்மை ஏறுகிறது. அதில் அம்மோனியா வாயுவாகிறது. சூடும் காற்றும் பனி ஈரமும் சேர்ந்தால் போட்டதில் 10 முதல் 30 சதவீதம் வரை இப்படிப் போகலாம். காலைப் பனியில் நனைந்த புல்லின் மேல் தூவி, பிறகு வெயில் காய்வது மிக மோசமான சேர்க்கை: குருணை கரையும், ஆனால் மண்ணுக்குள் இறங்காது. தூவிய சில மணி நேரத்தில் 5 முதல் 10 மி.மீ. மழையோ பாசனமோ கிடைத்தால் யூரியா மண்ணுக்குள் போய்விடும். பெருமழை என்றால் அடித்துக்கொண்டு போகும்; ஆகவே வானிலை அறிக்கையில் தேட வேண்டியது சாரல், கொட்டும் மழை அல்ல.

மழையை நம்ப முடியாத இடத்தில் என்.பி.பி.டி. பூசிய யூரியா உதவும். அது நொதியை ஒன்றிரண்டு வாரம் தாமதப்படுத்துகிறது. அயர்லாந்தின் வேளாண் ஆராய்ச்சி அமைப்பான சாகஸ்க் செய்த புல்வெளிச் சோதனைகளில், கால்சியம் அம்மோனியம் நைட்ரேட்டுக்குப் பதில் இந்தப் பாதுகாத்த யூரியாவைப் போட்டபோது, புவியைச் சூடாக்கும் வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு 71 சதவீதம் குறைந்தது. ஈரமான, கனமான மண்ணுக்கு இது பெரிய செய்தி. ஏனென்றால் நைட்ரேட் வடிவ உரம் நீர் தேங்கிய மண்ணில்தான் அதிகமாக அந்த வாயுவாகிறது.

உரத்தூவியின் முன் தட்டு வைப்பது

எத்தனை நல்ல திட்டம் போட்டாலும், தூவி சமமாக வீசாவிட்டால் எல்லாம் காகிதத்திலேயே நின்றுவிடும். சுழல்தட்டு உரத்தூவியில் புல்லில் கோடுகோடாகப் பச்சை தெரியும்போது சீரின்மை ஏற்கெனவே மிக அதிகம். கண்ணுக்குத் தெரியும் முன்பே பிடிக்கத் தட்டுச் சோதனைதான் வழி.

50 செ.மீ.க்கு 50 செ.மீ. அளவுள்ள தட்டுகளை, வண்டி போகும் திசைக்குக் குறுக்கே, வீச்சு விழும் முழு அகலத்துக்கும் ஒரு மீட்டர் இடைவெளியில் அடுக்குங்கள். சக்கரம் போகும் இடத்தை மட்டும் விட்டுவிடலாம். தட்டுக்குள் கட்டம் போட்ட தடுப்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குருணை துள்ளி வெளியே போகும். வழக்கமான வேகத்தில், தூவியைச் சுழற்றும் டிராக்டர் தண்டின் (பி.டி.ஓ.) வழக்கமான சுழற்சியில் ஓட்டுங்கள். ஹெக்டேருக்கு 87 கிலோ என்றால் ஒரு தட்டில் 2.2 கிராமுக்கும் குறைவாகவே விழும், சமையலறைத் தராசு அதைச் சரியாகக் காட்டாது. அதே தடத்தில், அதே திசையில் மூன்று நான்கு முறை ஓட்டி, வந்ததை வகுத்துக்கொள்ளுங்கள். தட்டில் விழுந்த கிராமை 40-ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்கான கிலோ. மூத்திரத் திட்டுக்குப் போட்ட அதே பெருக்கல்தான்.

பக்கத்துத் தடத்தின் வீச்சு மேலேறும் இடங்களைக் கூட்டிய பிறகு, எல்லாத் தட்டுகளின் சராசரியையும் திட்டவிலக்கத்தையும் கண்டு, விலக்கத்தைச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். நியூசிலாந்தின் ஸ்ப்ரெட்மார்க் தரத்தில் தழைச்சத்து உரத்துக்கு இந்த எண் 15 சதவீதத்துக்குள்ளும் மற்றவற்றுக்கு 25 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும். தட அகலத்தை மாற்றி மாற்றி இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்; எந்த அகலத்தில் 15-ஐத் தாண்டுகிறதோ அதற்கு முந்தைய அகலமே உங்கள் உண்மையான தட இடைவெளி. விளம்பரத்தில் சொன்ன அகலத்தை நம்பி ஓட்டுவதால்தான் பாதிக் கோடுகள் வருகின்றன.

தட்டுகளை வரிசையாகப் பார்த்தாலே நோய் தெரியும். நடுவில் குவிந்திருந்தால், தூவியின் சுழல்தட்டு மெதுவாகச் சுழல்கிறது அல்லது உரம் பொடிந்திருக்கிறது. பொடி தூரம் பறக்காது. இரு தோளிலும் குவிந்து நடு காலியாக இருந்தால், உரம் சுழல்தட்டில் விழும் இடம் நகர்ந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் கூடினால், தூவி பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறது, அல்லது ஒரு சுழல்தட்டின் இறக்கை தேய்ந்திருக்கிறது, அல்லது உரம் இறங்கும் ஒரு மதகில் கட்டி அடைத்திருக்கிறது. இறக்கையின் உள்முகத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். மெருகு போய்ப் பள்ளம் தட்டுப்பட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஈரக்காற்றில் ஒட்டிக் காய்ந்த உரப்படலமும் அதே கெடுதலைச் செய்யும்.

இன்னொரு பெரும் காரணம் கலப்பு உரம். யூரியா எடை குறைந்தது. சூப்பர் பாஸ்பேட் கனமானது. இரண்டையும் கலந்து வீசினால் கனமான குருணை தூரமும் இலேசானது பக்கமும் விழும். கலவையின் சராசரி சரியாக இருந்தும் நிலத்தில் ஒரு கோடு தழைச்சத்தும் ஒரு கோடு மணிச்சத்துமாகிவிடும். குருணை அளவும் எடையும் நெருங்கிய உரங்களையே கலக்க வேண்டும், இல்லாவிட்டால் இருமுறை ஓட்ட வேண்டும். உரம் மாறும்போதெல்லாம் தட்டுச் சோதனையும் மாறும். காற்று மணிக்கு 15 கி.மீ.யைத் தாண்டினால் யூரியா வீசுவதைத் தள்ளிப்போடுங்கள்.

வெளியேறும் அளவைச் சரிபார்க்க ஒரே ஒரு சூத்திரம் போதும். ஹெக்டேருக்கான கிலோ, தட அகலம் மீட்டரில், வேகம் மணிக்கு கிலோமீட்டரில்: மூன்றையும் பெருக்கி 600-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு விழ வேண்டிய கிலோ. 87 கிலோ, 12 மீட்டர், 10 கி.மீ. என்றால் 17.4 கிலோ. சுழல்தட்டைக் கழற்றி, வாளி வைத்து ஒரு நிமிடம் பிடித்து நிறுத்தால் மதகு சொல்லும் எண் உண்மையா என்று தெரிந்துவிடும்.

கையால் தூவுபவர்களுக்கும் துல்லியம் உண்டு. நிலத்தைப் பத்துக்குப் பத்து மீட்டர் கட்டங்களாகக் கயிறு கட்டிப் பிரித்தால், 87 கிலோ வீதத்துக்கு ஒரு கட்டத்துக்கு 870 கிராம் யூரியா. அதைப் பாதியாக்கி, ஒருமுறை கிழக்கு மேற்காகவும் மறுமுறை வடக்கு தெற்காகவும் தூவுங்கள். காய்ந்த மணல் கலந்தால் கை ஓட்டம் சீராகும். தொட்டி, நிழல், படல் இருக்கும் கட்டங்களை அப்படியே விட்டுவிடலாம்.

வரைபடமும் வானத்துக் கண்ணும்

தடம் காட்டும் ஜி.பி.எஸ். கருவிதான் வாங்கத் தகுந்த முதல் மின்னணுப் பொருள். கண்ணளவில் ஓட்டும்போது தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். 12 மீட்டர் அகலத்தில் 1.2 மீட்டர் ஏறினாலே 10 சதவீத உரம் கூடுதல். இதற்கு அரை மீட்டர் துல்லியம் போதும், சென்டிமீட்டர் கணக்கில் பிடிக்கும் விலையுயர்ந்த கருவி தேவையில்லை. முக்கோண ஓரங்களும் வளைந்த வேலியும் உள்ள நிலத்தில், பகுதி பகுதியாக மூடும் மதகு இருந்தால் இன்னும் நல்லது.

அளவை மாற்றி மாற்றி வீசும் கருவிக்கு முதல் வேலையாகச் சுண்ணாம்பையும் மணிச்சத்தையும் சாம்பல்சத்தையும் கொடுங்கள். இவை மண்ணில் மெதுவாக மாறுபவை. ஒருமுறை செய்த மண் வரைபடம் மூன்று நான்கு ஆண்டு பயன்படும். தழைச்சத்தை அப்படிக் கொடுப்பது கடினம். சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை 10 மீட்டர் துல்லியத்தில் இலவசமாகப் படம் தருகின்றன. அதிலிருந்து பசுமைக் குறியீட்டைக் கணக்கிடலாம். ஆனால் மேய்ச்சலில் ஓரிடம் வெளிறித் தெரிந்தால், அது தழைச்சத்துப் பசியாக இருக்க வேண்டுமென்பதில்லை. நேற்று மேய்ந்த இடமாக இருக்கலாம், மண் இறுகியிருக்கலாம், தண்ணீர் பற்றாமல் இருக்கலாம், பொட்டாசியம் குறைந்திருக்கலாம். புல் அடர்ந்தபின் குறியீடு உச்சத்தில் நின்றுவிடும்; அதற்கு மேல் வேறுபாட்டைக் காட்டாது. மேகம் நிறைந்த பருவத்தில் வாரக்கணக்கில் படமே கிடைக்காது. படத்தை எங்கே போய் மண்ணைக் கிளறிப் பார்ப்பது என்று தீர்மானிக்கப் பயன்படுத்துங்கள். மண்ணைப் பார்க்காமல் அதையே உரக் கட்டளையாக மாற்றுவது சூதாட்டம்.

கருவியின் தாமதத்தையும் அளந்து வைக்க வேண்டும். கட்டளை வந்து மதகு நகர்ந்து குருணை தரையில் விழ மூன்று நொடி ஆகிறது என்றால், மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் அதற்குள் வண்டி 12 மீட்டருக்கு மேல் போய்விடும். முன்கூட்டிப் பார்க்கும் நேரத்தைக் கருவியில் அமைக்காவிட்டால், ஓடைக்கரையில் நிற்க வேண்டிய உரம் ஓடைக்குள் விழும்.

தண்ணீர், காற்று

உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் நைட்ரேட்டுக்கு வைத்திருக்கும் எல்லை லிட்டருக்கு 50 மில்லிகிராம். பாஸ்பரஸ் விஷயத்தில் ஏரிகள் இன்னும் நுட்பமானவை. லிட்டருக்கு மில்லிகிராமில் நூறில் சில பங்கு கூடினாலே பாசி பெருகும். வட அயர்லாந்தின் லாக் நே ஏரியை 2023 கோடையில் மூடிய நீலப்பச்சைப் பாசிக்குச் சுற்றுப்புற விவசாயத்திலிருந்து வந்த சத்து ஒரு முக்கியக் காரணம். பாஸ்பரஸ் பெரும்பாலும் மண் துகளோடும் மேலோட்டமாக ஓடும் நீரோடும் போகிறது. அதுவும் நிலம் முழுவதிலிருந்தும் சமமாக அல்ல. ஓடை தொடங்கும் பள்ளம், மாடு மிதித்துச் சேறான படல், சரிவின் அடிவாரம் போன்ற சிறு பரப்பிலிருந்தே பெரும்பகுதி போகிறது. அந்தச் சிறு பரப்பை மட்டும் வரைபடத்தில் நீக்கினால் செலவே இல்லாமல் பெரிய இழப்பு நிற்கும்.

சட்டங்களும் இதையே எண்களாக்கியிருக்கின்றன. நியூசிலாந்தில் 2021 முதல் மேய்ச்சல் நிலத்துக்குச் செயற்கைத் தழைச்சத்து ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 190 கிலோவுக்கு மேல் போடக் கட்டுப்பாடு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1991-ஆம் ஆண்டு நைட்ரேட் ஆணை, பாதிப்புக்குரிய பகுதிகளில் கால்நடை எருவின் தழைச்சத்தை 170 கிலோவாகக் கட்டுப்படுத்துகிறது. இவை மேல் எல்லைகள்தாம், இலக்குகள் அல்ல.

வெப்பமாதல் கணக்கை நீங்களே போடலாம். போட்ட தழைச்சத்தில் சுமார் 1 சதவீதம் நைட்ரஸ் ஆக்சைடாக வெளியேறும் என்பது பன்னாட்டுக் காலநிலை மாற்றக் குழு தரும் பொது மதிப்பு. 100 கிலோ தழைச்சத்துக்கு 1 கிலோ. வாயுவின் எடையாக 1.57 கிலோ. இந்த வாயு கார்பன் டை ஆக்சைடைவிட 273 மடங்கு வெப்பம் பிடிப்பது. ஆக, 429 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம், உரத் தொழிற்சாலையின் புகையைச் சேர்க்காமலேயே.

சாணக் குழம்பை உரக் கணக்கில் சேர்க்காதவர்கள் இரண்டு முறை உரமிடுகிறார்கள். ஒரு கன மீட்டர் மாட்டுச் சாணக் குழம்பில் ஏறக்குறைய 2.5 கிலோ தழைச்சத்தும் அதே அளவு சாம்பல்சத்தும் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் மணிச்சத்தும் இருக்கும். தண்ணீர் கலந்த அளவைப் பொறுத்து எண் மாறும், ஆகவே கிளறிவிட்டு மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். வானத்தில் வீசியடிக்காமல், தரையையொட்டிக் குழாய் வழியாகக் கோடாக விட்டால் அம்மோனியா இழப்பு வெகுவாகக் குறையும். அது அறுக்கும் நிலத்துக்குப் போகட்டும். பொட்டாசியம் பறிபோவது அங்கேதான்.

மாட்டின் உடல்நலமும் இந்தக் கணக்குக்குள்தான் வருகிறது. பொட்டாஷை மொத்தமாகப் போட்டால் புல் மெக்னீசியத்தைச் சரியாக உறிஞ்சாது, அது குறைந்து கறவை மாட்டுக்குத் தசை இழுப்பு வரும். அதனால் பொட்டாஷைப் பிரித்துப் போட வேண்டும். கன்று ஈனும் காலத்தில் தவிர்க்க வேண்டும். சூப்பர் பாஸ்பேட்டில் உள்ள புளோரைடு இலையில் ஒட்டியிருக்கும். 21 நாளோ 25 மி.மீ. மழையோ கடந்தபின் மேயவிடுங்கள். வறட்சியில் யூரியா வாங்கி நின்ற புல், மழை வந்ததும் நைட்ரேட்டைச் சேர்த்துவைக்கும். உலர் எடையில் நைட்ரேட் 1 சதவீதத்தை நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. அந்த நேரத்தில் பசியோடு மாட்டை அவிழ்த்துவிடக் கூடாது.

இவ்வளவையும் செய்தபின் உங்கள் நிலம் சொல்வதைக் கேட்க ஒரு வழி: ஒவ்வொரு மண்டலத்திலும் ஒரு தடத்தின் அகலத்துக்குத் தழைச்சத்தே போடாத ஒரு பட்டையை விடுங்கள். இரண்டு முனையிலும் ஆப்பு அடித்துவையுங்கள். மற்ற உரங்கள் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அடுத்த மேய்ச்சலுக்கு முந்தின நாள், பட்டையிலும் பக்கத்திலும் கால் சதுர மீட்டர்ச் சட்டத்தை ஐந்தைந்து இடத்தில் வைத்து, தரையிலிருந்து 4 செ.மீ. விட்டு அறுத்து, 65 டிகிரியில் இரண்டு நாள் உலர்த்தி நிறுங்கள். சராசரியை மறுபடி 40-ஆல் பெருக்குங்கள். பட்டையில் 1,600 கிலோவும் பக்கத்தில் 2,000 கிலோவும் வந்தால், 40 கிலோ தழைச்சத்துக்குக் கிடைத்தது 400 கிலோ புல்; கிலோவுக்கு 10. அந்த மண்டலத்துக்கு அந்த மாதம் உரம் தகும். 5-க்குக் கீழே வந்தால் அடுத்த சுற்றில் அங்கே தழைச்சத்தை நிறுத்திவிட்டு, ஈரம், இறுக்கம், கார அமில நிலை, பொட்டாசியம் என்ற வரிசையில் காரணத்தைத் தேடுங்கள். பட்டையை ஒவ்வோர் ஆண்டும் இடம் மாற்றுங்கள்; ஒரே இடத்தில் தொடர்ந்து விட்டால் அங்கே குளோவர் பெருகி, ஒப்பீடே மாறிவிடும்.